சத்தமில்லாத ஆங்கிலப் பள்ளி

நான் இருக்கும் தேஜான் நகரத்தில் பள்ளி விட்ட பிள்ளைகள் நேராக வீட்டுக்குப் போவதில்லை. மூன்று மணிக்கெல்லாம் எங்கள் குடியிருப்பின் வாசலில் மஞ்சள் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். ஒன்று கணக்குக்கு, ஒன்று பியானோவுக்கு, ஒன்று தேக்வாண்டோவுக்கு, மீதியெல்லாம் ஆங்கிலத்துக்கு. இந்தத் தனியார் வகுப்புகளுக்குக் கொரியாவில் ஹாக்வொன் என்று பெயர். வந்த புதிதில் அவற்றைப் பள்ளி வேன்கள் என்றே நினைத்து, ஒரு பிள்ளை ஒரே நாளில் எத்தனை பள்ளிக்குத்தான் போகும் என்று குழம்பியிருக்கிறேன். விவரம் தெரிந்ததும் குழப்பம் போய் ஒரு கர்வம் வந்தது. நாமக்கல்லில் படித்து வந்தவளுக்கு மஞ்சள் வண்டியைப் பற்றியும் மார்க்கைப் பற்றியும் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எண்ணிக்கொண்டேன். அந்தக் கர்வத்தால் ஒரு சிறுமிக்கு நான் செய்ததைத்தான் எழுத வந்திருக்கிறேன்.

யூனாவுக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் கட்டடத்திலேயே மூன்று மாடி கீழே அவள் வீடு. நான் பல்கலைக்கழக ஆய்வகத்திலிருந்து திரும்பும் நேரத்தில் ஊஞ்சலருகே நிற்பாள். பார்த்ததும் ஓடி வந்து 'இமோ' என்பாள். அது அம்மாவின் கூடப் பிறந்தவளைக் கூப்பிடும் சொல். நம் ஊரில் சித்தி என்போமே, அது. எனக்குக் கொரிய மொழி சரியாகத் தெரியாது என்பதால் அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் என்மேல் கொட்டுவாள். அந்த ஆங்கிலத்தைத் தமிழில் வைத்தால் இப்படி இருக்கும்: "நேற்று நான் ஆறு கொழுக்கட்டை சாப்பிடுகிறேன். வயிறு என்னோடு கோபம். உன் வீட்டில் புலி உண்டா? இல்லையா? ஏன் இல்லை?" வார்த்தை கிடைக்காத இடத்தில் கையை ஆட்டுவாள், தரையில் குச்சியால் வரைவாள். ஒரு நிமிடம்கூட நின்று யோசிக்கமாட்டாள்.

எனக்கு அது பெரிய அதிசயம். நான் ஆங்கிலத்தில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியவள். ஆய்வுக் கட்டுரைகளை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் மாதம் பேராசிரியர் நடைவழியில் என்னைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டபோது, பதிலை மனதுக்குள் எழுதி, காலம் சரியா என்று பார்த்து, திருத்தி, வாயைத் திறப்பதற்குள் அவர் அறைக்குப் போய்விட்டார். யூனாவிடம் அந்த வேலையே இல்லை. அவள் தப்பாகப் பேசுவாள், நானும் தப்பாகப் பேசுவேன், இரண்டு பேருக்கும் புரிந்துவிடும். ஆங்கிலம் என் கையிலிருந்து வாய்க்கு வந்தது அந்த ஊஞ்சலருகேதான். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

ஒருநாள் யூனாவின் அம்மா என்னைத் தேடி வந்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்குக் கொரியம் கொஞ்சம், மீதியைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி பார்த்துக்கொள்ளும். மகளை ஆங்கில ஹாக்வொன்னில் சேர்க்க வேண்டும், எது நல்லது என்று தெரியவில்லை, நீங்கள் ஆங்கிலத்தில் படித்தவர், கூட வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஓர் அயல்நாட்டுத் தாய் படிப்பு விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்கிறார் என்பதே அன்று எனக்குப் போதுமானதாக இருந்தது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அது என் அப்பாவின் வழி. அப்பா போர்வெல் ரிக்கில் வேலை செய்தவர். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பினால் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு பல மாதம் கழித்துத்தான் வருவார். கம்ப்ரஸர் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. நான் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்ததும் நாமக்கல்லைச் சுற்றியுள்ள மூன்று விடுதிப் பள்ளிகள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வதாக வீட்டுக்கே ஆள் அனுப்பின. எதில் சேர்ப்பது என்று பார்க்க அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எழுதப் படிக்கத் தெரியாதவர், அலுவலகத்துக்குள் போய் என்ன கேட்பார்? மூன்று இடத்திலும் காம்பவுண்டுச் சுவரோரமாகப் போய், கேட்கிற காதைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். மூன்றாவது பள்ளியில் வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"ஏனுங்க, இங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. கேட்டுட்டு இருக்கறன்."

"என்னத்தங்க கேக்கறீங்க? உள்ள ஒரு சத்தமும் இல்லியே."

"அதத்தானுங்க கேக்கறன்."

அப்பா என் பக்கம் திரும்பி, "ரெண்டாயிரம் புள்ளைங்க உள்ள இருக்குதாமா சாமி. ஒரு இருமல் சத்தங்கூட இல்ல பாரு. இங்கதான் படிப்பு இருக்குது" என்றார். வாழ்நாளெல்லாம் இரைச்சலில் நின்ற மனிதருக்கு அமைதிதான் உயர்ந்த இடத்தின் அடையாளம். நான் அங்கேயே சேர்ந்தேன்.

உள்ளே ஏன் சத்தமில்லை என்பது சேர்ந்த வாரமே தெரிந்துவிட்டது. தமிழில் பேசி மாட்டினால் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்கள். இன்னொருத்தி பேசி மாட்டும்வரை அது நம் கழுத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் பேசினால் தப்பு வரும், தமிழில் பேசினால் அட்டை வரும் என்பதால் யாரும் எதிலும் பேசுவதில்லை. சாப்பாட்டு வரிசையில் குழம்பு வேண்டும் என்பதைக்கூடத் தட்டை நீட்டித்தான் கேட்போம். இரண்டு வருடம் கழித்து என் படம் போட்ட பேனர் சேலம் சாலையில் நின்றது. அப்பா பஸ்ஸில் போகும்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரருக்கு அதைக் காட்டுவாராம். பேனரைப் பார்த்தபின் எனக்கும் அந்த அட்டை மறந்துபோனது. மறந்துபோனது என்று சொல்வதைவிட, அட்டையால்தான் பேனர் வந்தது என்று நம்பத் தொடங்கிவிட்டேன் என்பதே சரி.

யூனாவின் அம்மாவோடு நான் பார்த்த முதல் ஹாக்வொன்னில் படியேறும்போதே கூச்சல் கேட்டது. ஓர் ஆசிரியை பிள்ளைகளை வைத்து அடை போல எதையோ சுட்டுக்கொண்டிருந்தார். மாவு எப்படி இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு ஓட்டை ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். யூனா கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு நகர மறுத்தாள். இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னொன்றில், வாசலில் செருப்புகள் ஒரே கோட்டில் இருந்தன. சுவரில் சொல் தேர்வு மதிப்பெண் பட்டியல். உள்ளே முப்பது பிள்ளைகள், காகிதம் புரளும் சத்தம் மட்டும். நான் நடைவழியில் நின்று காது கொடுத்தேன். எனக்கு நன்றாக இருந்தது.

அங்கே கனடாக்காரர் ஒருவர் ஆசிரியராக இருந்தார். யூனாவின் அம்மா என் முழங்கையைத் தொட்டு, பிள்ளைகளுக்குப் பேச எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று அவரிடம் கேட்கச் சொன்னார். நான் ஆங்கிலத்தில், "வகுப்பில் பிள்ளைகள் பேசுவார்களா?" என்று கேட்டேன். என் முகமும் குரலும் எப்படி இருந்தனவோ, அவர் அதை ஒரு கண்டிப்பான ஆளின் சந்தேகமாக எடுத்துக்கொண்டார். "இல்லை இல்லை, கவலைப்படாதீர்கள். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்" என்றார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. திருத்திக் கேட்டிருக்கலாம். மாறாக, யூனாவின் அம்மா பக்கம் திரும்பி, "நல்ல பள்ளி, கண்டிப்பான பள்ளி" என்று கொரியத்தில் சொன்னேன். யூனாவுக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது என்றார் அவர். "அது விளையாட்டு, இது படிப்பு" என்றேன். ஒரு தாய் கேட்ட சரியான கேள்வியை நடுவில் நின்று நான் விழுங்கிவிட்டேன்.

மழைக்காலம் போய் குளிர்காலம் வந்தபோது யூனா நான் சொன்ன அந்த ஹாக்வொன்னில் நான்கு நிலைகள் ஏறியிருந்தாள். ஊஞ்சலருகே நிற்பது குறைந்தது. நின்றாலும், நான் ஏதாவது கேட்டால் கண்களை மேலே உருட்டி, உதடு அசைய உள்ளுக்குள் எதையோ அடுக்கிப் பார்த்து, பிறகு "யெஸ்" என்பாள். அந்தக் கண் உருட்டல் எனக்குத் தெரியும். நடைவழியில் பேராசிரியர் முன்னால் நான் நின்ற நிலை அது. இமோ என்பதும் போய், ஆசிரியரைக் கூப்பிடும் 'சொன்செங்னிம்' வந்துவிட்டது. அவள் அம்மா மரியாதைக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். மேசையில் பேரிக்காய் நறுக்கி வைத்தார். யூனா அடுத்த அறையில் சொல் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். அன்று அந்த ஆசிரியர் சொன்னதை நான் முழுதாகச் சொல்லவில்லை, பள்ளி தப்பு, தப்பு என்னுடையது, முதலாவதிலேயே சேர்த்துவிடுங்கள் என்று செயலியில் தட்டிக் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார். "நீங்களும் இப்படிப்பட்ட பள்ளியில்தானே படித்தீர்கள்? உங்கள் அப்பா தேர்ந்தெடுத்தார் என்று சொன்னீர்களே. இன்று கொரியாவுக்கு வந்து ஆராய்ச்சி செய்கிறீர்கள். யூனா இப்படி வந்தால் எனக்குப் போதும்" என்றார். அந்த மாதிரிப் பள்ளியைப் பழித்து நான் எதைச் சொன்னாலும், அதைச் சொல்ல நான் இங்கே உட்கார்ந்திருப்பதே அதற்கு எதிரான சாட்சியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசினேன்.

"அப்பா, என்னை வேற பள்ளிக்கூடத்துல சேத்தியிருந்தா என்ன ஆயிருக்குமுங்க?"

"என்ன சாமி?"

அம்மா அவர் காதருகே கத்தினாள். "வேற பள்ளிக்கூடத்துல சேத்தியிருந்தா என்னான்னு கேக்கறா."

"கோழிப்பண்ணையில உங்கம்மாகூட முட்டை பொறுக்கிட்டு இருந்திருப்ப. ஏஞ்சாமி, அங்க யாராச்சும் ஏதாச்சும் சொல்றாங்களா?"

"இல்லீங்கப்பா. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறாளாமா. அந்த ஊர்க்காரங்ககிட்டச் சொல்லு, எங்கப்பன் செவுடன், ஆனா கேட்டுத்தான் சேத்துனான்னு."

அம்மா சிரிக்கும் சத்தம் வந்தது. நானும் சிரித்தேன். அவர் காட்டிக்காட்டி மகிழ்ந்த ஒன்றை அவர் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஆக, ஒரு நாட்டில் சொல்லியும் நம்பப்படாத உண்மையை இன்னொரு நாட்டில் நான் சொல்லவே இல்லை. பிள்ளைகளோடு அயல்நாட்டில் இருப்பவர்களுக்கும் ஊரில் பள்ளி தேடுபவர்களுக்கும் என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான்: மொழி கற்றுத்தரும் இடம் என்றால் வகுப்பு விடும் நேரத்தில் படிக்கட்டில் போய் நில்லுங்கள். இறங்கி வரும் பிள்ளைகள் அந்த மொழியில் ஒரு கேலியாவது பேசிக்கொண்டு வருகிறார்களா என்று பாருங்கள்.

போன வாரம் லிஃப்ட்டில் யூனாவும் நானும் மட்டும் ஏறினோம். அவள் ஒன்பதை அழுத்திவிட்டு ஓரமாக நின்றாள். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று, வேண்டுமென்றே ஆங்கிலத்தைக் கொத்தி, "இன்றைக்கு நான் மிகவும் பசி இருந்து கொண்டு" என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். நிமிர்ந்தாள். கண்கள் மேலே போய் வந்தன. "ஐ ஆம் வெரி ஹங்க்ரி டுடே" என்று தெளிவாக, பிசிறில்லாமல் திருத்தினாள். நானும் கையைக் கட்டிக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் கையைக் கட்டியிருப்பதைக் கவனித்தேன். கதவு திறந்தது. இடுப்பு வளைய வணங்கிவிட்டு இறங்கிப் போனாள்.

என் மாடியை நான் அழுத்தவே இல்லை. யாரோ கீழிருந்து கூப்பிட, லிஃப்ட் என்னையும் தூக்கிக்கொண்டு தரைக்கு இறங்கியது. காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் ஏறி, விரலைப் பொத்தான்களருகே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எந்த மாடி என்கிறார் என்பது புரிந்தது. பன்னிரண்டு என்பதை எனக்கு மூன்று மொழிகளில் சொல்லத் தெரியும். எதில் சொல்வது என்று உள்ளுக்குள் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு மூடிக்கொண்டது.