மகிமையில் பிரவேசித்த அண்ணன்

போன மழையில் திருவொற்றியூரில் மார்பளவு வெள்ளத்தில் இறங்கி, ஆட்டோவோடு அடித்துச் செல்லப்பட்ட ஒருவரை என் மகன் இழுத்து வந்தான். "உன் புள்ள சிங்கம்க்கா!" என்று தெருவே வந்து சொன்னது. நான் மேசைமேல் திறக்காமல் கிடந்த அவனுடைய டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதிலிருந்து பெரியம்மாவின் நினைவாகவே இருக்கிறது.

ராயபுரத்தில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில், அதிகம் அறியப்படாத கிறிஸ்தவர் ஒருவரின் வாழ்க்கையை ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் சொல்ல வேண்டும். பிறப்பு, மனந்திரும்புதல், ஊழியம், முடிவு என்ற வரிசை மாறாது. முடிவில் 'இறந்தார்' என்று சொல்லக் கூடாது. 'மகிமையில் பிரவேசித்தார்' என்று கையை உயர்த்தி, மேலே பார்த்துப் புன்னகைக்க வேண்டும். புன்னகைக்குத் தனி மதிப்பெண் உண்டு. காய்ச்சலில் செத்த எத்தனையோ வெள்ளைக்கார மிஷனரிகளுக்காக நாங்கள் பல்லைக் காட்டியிருக்கிறோம்.

நான் நான்காவது படித்த வருடம், எனக்கு ஒரு மிஷனரியும் மிஞ்சவில்லை. அழுதுகொண்டிருந்த என்னிடம், துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா சொன்னார்: "வெள்ளக்காரன் இன்னாத்துக்கு? நம்ம வூட்லயே ஆளு கீறான்."

பெரியம்மாவின் மகனைச் சொன்னார். எண்ணூர் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது இருவரைக் கரைசேர்த்துவிட்டு, மூன்றாமவருக்காகத் திரும்பிப் போன அண்ணன். அது நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சித்தப்பாவே கதையைக் கட்டிக் கொடுத்தார். மனந்திரும்புதலுக்குத்தான் திண்டாடினார், அண்ணன் பீடியை விட்டதை வைத்து ஒப்பேற்றினார்.

நான் தடுமாறாமல் சொன்னேன். முடிவில் கையை உயர்த்தி, என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சிரித்தேன். சபையே கைதட்டியது. முதல் பரிசாக சோப்பு டப்பா கிடைத்தது. முன் வரிசையில் பெரியம்மா மட்டும் கைகளை மடியிலேயே வைத்திருந்தார்.

வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்தார்.

"நல்லாத்தான் சொன்ன. கடசீல இன்னாத்துக்குடி சிரிச்ச?"

"டீச்சர் அப்டித்தான் சொல்லிக் குடுத்தாங்க பெரீம்மா."

அவர் கோபப்படவில்லை. என் ரிப்பனைச் சரிசெய்தார்.

"அன்னிக்கு அவன் துன்னாமயே பூட்டான். வட்டில்ல போட்ட சோறு அப்டியே இருந்துச்சு. இன்னொரு வாட்டி சொன்னா, அத்தயும் சேத்துச் சொல்லு."

அடுத்த மாதம் வேறொரு சபையில் சொல்லக் கூப்பிட்டார்கள். பெரியம்மாவின் விருப்பத்தைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அத்த எங்கம்மா சேக்கறது?" என்று அவர் தலையைச் சொறிந்தார். இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பிறப்பில் அதற்கு இடமில்லை. ஊழியத்திலும் பொருந்தவில்லை. முடிவில் வைத்தால் என் சிரிப்பு கெட்டுவிடும்.

கதைக்குத் தேவையில்லாத விஷயம் என்று விட்டுவிட்டோம்.