அலமாரியில் செய்த விளையாட்டுப் பெட்டி

சித்தி எங்கள் துணி அலமாரியை அறுக்க வந்தபோது என் பள்ளிச் சீருடை அதற்குள் தொங்கிக்கொண்டிருந்தது. "எடுத்துக்கோ, இல்லன்னா அதுவும் சேர்ந்து போயிடும்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ரம்பம் இறங்கிய வேகத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன்.

சித்தி அம்மாவின் தங்கை. ஷா ஆலாமில் வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு வந்தால் கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருப்பாள். பேரங்காடியில் காசு போட்டு, நின்றபடி ஆடுவோமே, அந்த விளையாட்டுப் பெட்டியை வீட்டிலேயே செய்யப்போவதாக அறிவித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு சித்தி வாய்ப்பாள்? எனக்காகத்தான் செய்கிறாள் என்பதில் துளிகூடச் சந்தேகமில்லை.

அந்த வருடம் வீட்டில் சந்தோஷப்பட வேறொன்றும் இல்லை. அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து, கால் தேறிவிட்டது, இடது கை மட்டும் தேறவில்லை. கியர் போடும் கை அது. அது வராமல் லோரி இல்லை, லோரி இல்லாமல் அப்பா அப்பாவாகவே இல்லை. அழுத்திப் பழகச் சொல்லி மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். "நான் என்ன சின்னப்புள்ளயா?" என்று அதைச் சன்னல் வழியே வீசிவிட்டார். அம்மா கெஞ்சினாள், சண்டை போட்டாள், பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். அப்பா தொலைக்காட்சியை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சித்தி வேலை செய்யும் அழகு இருக்கிறதே! அலமாரிக் கதவுகள் பக்கப் பலகைகளாயின. யாரோ தூக்கிப்போட்ட கணினியை உள்ளே வைத்து, அதன் திரையைச் சாய்வாக உட்கார வைத்தாள். ஈயம் பற்றவைக்கும்போது மட்டும்தான் அவள் வாய் மூடியிருக்கும். அந்தப் புகை நாற்றம் போக அம்மா சாம்பிராணி போடுவாள், இரண்டும் சேர்ந்து எல்லோரும் இருமுவோம். வயர்களை நிறம் பிரித்து, எனக்குத் தலை பின்னுவதுபோலப் பின்னிக் கட்டினாள். பலகையை மூடிவிட்டால் யார் கண்ணிலும் படாத இடம், அங்கே போய் அவ்வளவு நேர்த்தி! நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

விண்கலத்தை நகர்த்தும் பிடி இடது பக்கம், சுடும் பொத்தான்கள் வலது பக்கம். பிடியின் தலையில் வழக்கமான சின்ன உருண்டை இல்லை. பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த லோரி கியரின் குமிழை அதில் முறுக்கியிருந்தாள். எனக்கு அது கைக்கு அடங்கவில்லை.

முதல் ஆட்டம் நான் ஆடினேன். பிறகு சித்தி அப்பா பக்கம் திரும்பினாள்.

"என்ன அத்தான், சின்னப்புள்ளகிட்டத் தோத்துடுவோம்னு பயமா? பயம்னா சொல்லிடுங்க லா, அக்காவக் கூப்பிட்டுக்கறேன்."

அம்மா சொல்லியிருந்தால் முறைத்திருப்பார். மச்சினியின் கேலிக்கு முறைக்க முடியுமா? எழுந்து வந்தார். குமிழைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வலது கையால் இடது கையைத் தூக்கி அதன்மேல் வைத்தார். விண்கலம் நகரவே இல்லை, நின்ற இடத்திலேயே வெடித்தது. நான் கைதட்டிச் சிரித்தேன்.

"இன்னொரு ஆட்டம்" என்றார் அப்பா.

அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்தால் நானும் அவரும் மாறி மாறி ஆடினோம். எப்போதும் நானே ஜெயித்தேன், எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஒரே ஒரு தொல்லைதான். சித்தி வரும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து, பிடிக்கு அடியிலிருந்த ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுப் போவாள். மாற்ற மாற்றப் பிடி இறுகிக்கொண்டே போனது. எனக்கு மணிக்கட்டு வலித்தது. கெட்டுப்போய்விட்டது என்று முறையிட்டேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். இவ்வளவு கெட்டிக்காரிக்கு ஒரு ஸ்பிரிங்கை ஒழுங்காகப் போடத் தெரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைத் தோற்கடித்தார். என்னால் அசைக்கவே முடியாத பிடியை இடது கையால் இறுக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் தள்ளி, வந்த கலங்களையெல்லாம் சுட்டுத் தள்ளிவிட்டு, "எப்படி!" என்று கத்தினார். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள். திரையை அவள் பார்க்கவே இல்லை. அப்பாவின் கையைப் பார்த்தாள், தொட்டுப் பார்த்தாள். பிறகு சித்தியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

எனக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும், நான் தோற்றதற்கு அம்மா இவ்வளவு உடைந்துபோவாள் என்று எதிர்பார்க்கவில்லை. பாவமாகப் போய்விட்டது. அவள் கைலியைப் பிடித்து இழுத்து, "அழாதம்மா, நாளைக்கு அப்பாவ ஜெயிச்சுக் காட்டறேன்" என்றேன்.