ஜெபமாலை வெளிச்சத்தில் ஒரு பாயின்செட்டியா

கிறிஸ்துமஸுக்கு வாங்கும் சிவப்புப் பாயின்செட்டியாச் செடியை, பண்டிகை முடிந்ததும் குப்பையில் போடுகிறவர்களைக் கண்டாலே என் கணவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சுங்கை பூலோ நர்சரியில் வாங்கிய ஒரே செடியை அவர் மூன்று வருடம் சிவக்க வைத்தார். மந்திரம் ஒன்றும் இல்லை. சிவப்பது பூ இல்லை, இலை. அதற்கு நீண்ட இருட்டு வேண்டும். நம் ஊர் இரவு போதாது, அதிலும் தெருவிளக்கு வேறு. அதனால் அக்டோபர் முதல் தேதியிலிருந்து தினமும் மாலை ஐந்தரைக்கு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழரைக்கு எடுக்க வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது.

மார்ச்சில் அவர் போய்விட்டார். அவர் இல்லாத முதல் கிறிஸ்துமஸுக்கு அந்தச் செடி சிவந்தே ஆக வேண்டும் என்று எனக்கு வெறி. பத்து நாள் மூடினேன். அந்த நேரம் பார்த்து ஜொகூரில் மகளுக்குப் பிரசவம். கிள்ளான் வீட்டையும் செடியையும் கணவரின் அக்காவிடம் ஒப்படைத்தேன்; அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நேரத்தை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். தினமும் போனில் கேட்டேன்.

"எல்லாம் நல்லா இருக்குலா, நீ புள்ளையப் பாரு," என்பார் அண்ணி.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை வந்து இறங்கினால், வாசல் நிறையச் செருப்பு. உள்ளே அக்டோபர் மாத ஜெபமாலைக் கூட்டம். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், சீரியல் லைட் சுற்றி, பச்சைப் பசேலென்று என் செடி! தினமும் ராத்திரி பத்து மணி வரை இந்த அலங்காரம்தானாம்.

"சீக்கிரம் பூக்கணும்னு ஸ்பெஷலா வேண்டிக்கிட்டோம் ஆன்டி," என்றாள் வந்திருந்த ஒருத்தி. அந்த வெளிச்சத்தில் மாதாவே முழங்கால் போட்டாலும் அது சிவக்காது.

எல்லோரும் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வெடித்தேன்.

"எழுதி ஒட்டிட்டுத்தானே போனேன்? படிக்கத் தெரியாதா அண்ணி?"

"மொத நாள் மூடினேன். ரெண்டாம் நாள் கை வரல. என் தம்பியப் பெட்டியில வெச்சு மூடினத ஒரு தடவ பாத்தது போதாதா? தெனமும் மூடணுமா?"

அதைக் கேட்டதும் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கை வரவில்லை என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பக்கத்து வீட்டில் சொல்லி மூட வைத்திருப்பேனே!

கிறிஸ்துமஸ் அன்று செடி பச்சையாகவே நின்றது. பூசைக்குக் கிளம்பும்போது அண்ணி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணிக்கு அவர் தம்பி. எனக்கு மட்டும் அவர் யாராம்?