காணாக்கடியும் ஒரு துண்டும்

குளித்தால் அழுக்குப் போகும். அலுப்புப் போகும். குளித்தால் விசா போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டில் அது நடக்கவிருந்தது.

தொண்டியில் எங்களுக்கு அடுத்த வீடு மெகருன்னிசாவுடையது. கணவர் சவுதியில். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலத்தைவிட டெலிபோனில் பேசிய காலம்தான் அதிகம். இப்போதுதான் ஒருவழியாக ஃபேமிலி விசாவுக்கு வழி பிறந்திருந்தது. சென்னைக்குப் போய் மெடிக்கல் முடிக்க வேண்டியதுதான் பாக்கி. காகிதங்களை அடுக்கிக் கொடுத்தவன் நான். எந்த நகலில் யார் கையெழுத்து, எந்தக் கையெழுத்தின் மேல் எந்த முத்திரை… தாலுகா ஆபீசிலேயே காலத்தை ஓட்டியவனுக்கு வேறு என்ன தெரியும்?

மழை விட்டு வெயில் அடித்த வாரத்தில் ஆரம்பித்தது. அந்தப் பெண் குளித்துவிட்டு வருவாள். கொஞ்ச நேரத்தில் கழுத்து, முதுகு, கை எல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துச் சிவந்துவிடும். பிடுங்கி எடுக்கிற அரிப்பு. சாயங்காலம் அடங்கும். மறுநாள் குளித்தால் மறுபடியும்.

தோலில் தடிப்பைப் பார்த்தால் மெடிக்கலில் ‘அன்ஃபிட்’ என்று எழுதிவிடுவார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யார் சொன்னது? அதுதான் யாருக்கும் தெரியவில்லை.

“தாசில்தார் சார், இது காணாக்கடி” என்றார் மெகருன்னிசாவின் மாமியார். “பாத்ரூம்ல என்னமோ கெடக்கு. கண்ணுல படாமக் கடிச்சிட்டுப் போயிருது.”

(நான் ஓய்வு பெற்றது துணைத் தாசில்தாராக. அந்தத் ‘துணை’யை அவர் எப்போதும் விட்டுவிடுவார். நானும் திருத்துவதில்லை.)

கடித்தது எதுவென்று தெரியாமல் உடம்பு தடித்தால், எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் காணாக்கடி. போலீஸ் பாஷையில் சொன்னால், ‘அடையாளம் தெரியாத நபர் மீது வழக்குப் பதிவு’. இப்படி ஒரு பெயரை வைத்துவிட்டால் அப்புறம் நோயாளியை யார் கவனிப்பது? எல்லோரும் கடித்தவனைத் தேடக் கிளம்பிவிடுவார்கள். மாமியார் பாத்ரூமில் மூலை விடாமல் பூச்சிமருந்து அடித்தார். ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. வெற்றிலையும் மிளகும் வந்தன.

நான் சிரித்தேன். படித்தவன் அல்லவா? காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். “நம்ம போர் தண்ணியில சோப்பு நுரைக்காது. நுரைக்கலையேன்னு இன்னும் தேய்ப்போம். தேய்ச்சது சரியாப் போகாது. தோல் வறண்டுபோய் அரிக்கும். அவ்வளவுதான்.”

பொய்யில்லை. பலருக்கு அதுதான் காரணம். ஆனால் இந்த வழக்கில் தவறான ஆளைப் பிடித்து உள்ளே போட்டிருந்தேன்.

மருந்துக்கடைக்காரர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வந்தது, தடிப்பு நிற்கவில்லை. கணவர் போனில் ஷாம்புவைத் தூக்கியெறியச் சொன்னார். அவள் லாரித் தண்ணீர் பிடித்து, சோப்பை மாற்றி, கடலை மாவு தேய்த்து, ஷாம்புவை விட்டு… எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து பார்த்தாள். தடிப்பு வந்தே தீருவேன் என்றது.

அன்று மாலை என் மனைவி விசாலத்திடம் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, அவுக அங்கன வீடு புடிச்சு, ஜன்னலுக்குத் திரைத்துணி மொதக்கொண்டு வாங்கிப் போட்டுட்டாக. எனக்குப் போகக் கொடுத்து வைக்காமப் போயிருமோக்கா?”

“நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்” என்றாள் விசாலம்.

மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரி. ஓ.பி. சீட்டு எங்கே வாங்குவது, எந்த வரிசையில் நின்றால் வீண் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. டாக்டரம்மா சிடுசிடுப்புக்குப் பெயர் போனவர். மெகருன்னிசா, மாமியார், விசாலம் மூவரும் உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன். நடுவில் கதவில்லை, திரைதான். காது என்ன செய்யும், பாவம்?

“காணாக்கடின்னு பெரியவுக சொல்றாக டாக்டர்” என்று மெகருன்னிசா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“சரி, காணாக்கடிதான். அப்ப கடிச்சது எதுன்னு காணணும்ல? குளிக்கிறப்ப என்னென்ன போடுற, சொல்லு.”

சொன்னாள். பட்டியல் நீண்டது.

“ஏம்மா, நீ குளிச்சியா, கெமிஸ்ட்ரி பரீட்சை எழுதுனியா? எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா எது செஞ்சதுன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சுடுதண்ணி வேணாம். தேய்க்காத. துவட்டுறப்ப ஒத்தி எடு. ஈரம் காயுறதுக்கு முன்னாடி தேங்காண்ணெய் தடவு. அதுக்கும் மேல வந்தா, தெனம் ஒண்ணே ஒண்ண மட்டும் நிறுத்திப் பாரு. ஒதடு வீங்குனாலோ மூச்சு வாங்குனாலோ எதையும் பாக்காத, நேரா இங்கன வந்துரு.”

ஒரு சொல்லைக் கேலி செய்யாமல் அதையே விசாரணைக்கு முதல் தகவலாக எடுத்துக்கொண்ட அதிகாரியை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் அந்தப் பெண். சொன்னதைச் சொன்னபடி செய்தாள். ஒரு நாள் சோப்பை விட்டாள், தடிப்பு வந்தது. ஒரு நாள் எண்ணெயை விட்டாள், வந்தது. போர் தண்ணீரை விட்டுப் பார்த்தாள், அப்போதும் வந்தது. மெடிக்கல் தேதி நெருங்குகிறது. நானாக இருந்தால் எல்லாவற்றையும் விட்டெறிந்துவிட்டு மேல்முறையீட்டுக்குப் போயிருப்பேன்.

ஒரு காலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. “அக்கா! அக்கா! வரலக்கா!”

நானும் விசாலமும் ஓடினோம். கையில் ஒரு துண்டை நுனிவிரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் மெகருன்னிசா.

“இன்னைக்குத் துவட்டவே இல்லக்கா. காயுற மட்டும் சும்மா நின்னேன். ஒரு தடிப்பு இல்ல. இதத் தொட்ட கைதான் அரிக்குது!”

துண்டை வெயிலில் விரித்துப் பார்த்தோம். நூலோடு நூலாக, முடியைவிட மெல்லிய சுணைகள்.

அந்தத் துண்டு காய்ந்த இடம் எது? கொல்லையில் முருங்கை மரத்தடி. மழை விட்டதும் முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடப்பது ஊரே அறிந்தது. அதன் கீழே போய் ஏன் கொடி கட்ட வேண்டும்? மாடியில் வெயில் கொட்டிக் கிடக்கிறதே?

ஏனென்றால் பெண்களின் உள்ளாடை தெருக்கண்ணில் படக் கூடாது. அதனால் கொல்லைக் கோடி. அங்கேயும் யார் கண்ணிலாவது பட்டுவிட்டால்? அதனால் மேலே ஒரு துண்டு போர்த்த வேண்டும். போர்த்திய துண்டில் கம்பளிப்பூச்சியின் சுணை உதிரும். குளித்த ஈர உடம்பை அதே துண்டால் துடைக்க வேண்டும்!

“கம்பளிப்பூச்சியா?” மாமியாருக்கு ஏமாற்றம். “அதத்தான் தெனம் பாக்குறோமே! இது எப்புடிக் காணாக்கடியாகும்?”

அன்றே துணிகளெல்லாம் கொதிதண்ணீரில் விழுந்தன. மெகருன்னிசா மாடி ஏறினாள். தெருவைப் பார்த்த கொடியில், உச்சி வெயிலில், துண்டைத் தனியாக விரித்தாள். பக்கத்திலேயே மற்றவற்றையும் வரிசையாகப் போட்டாள். மேலே போர்வை கிடையாது.

“ஏம்மா, தெருவே பாக்குமே!” என்று கீழேயிருந்து மாமியார் பதறினார்.

“பாக்கட்டும் மாமி. பாத்தா தெருவுக்குத்தான் கண்ணு வலிக்கும். எனக்கு அரிக்காதுல்ல?”

மாமியார் உள்ளே போனார். திரும்பி வந்தபோது தோளில் அவருடைய ஈரத்துணிகள். மருமகளின் துணிக்குப் பக்கத்தில் அவரும் விரித்துவிட்டு, தெருவை ஒரு முறை முறைத்துவிட்டு இறங்கினார். அந்த முறைப்புக்கு ஒரு கெஜட் அறிவிப்பின் பலம் இருந்தது.

மெடிக்கலில் ‘ஃபிட்’. சவுதிக்குப் புறப்பட்டு அவள் பஸ் ஏறும்போது பெட்டியோடு அந்தத் துண்டும் போனது. எதற்கென்று விசாலம் கேட்டதற்கு, “அவுகளுக்குக் காட்டணும்க்கா, ஷாம்பு மேல பழி போட்டாகள்ல?” என்றாளாம்.

காணாக்கடி என்று பெயர் வைத்தவரை இனி நான் கேலி செய்ய மாட்டேன். அவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். யாரும் காணக் கூடாது என்று மறைத்தோமே… அங்கிருந்துதானே கடித்தது?

எங்கள் வீட்டிலும் இப்போது கொடி மாடிக்குப் போய்விட்டது. என் கிழிந்த பனியனைப் பார்த்துத்தான் தெரு சிரிக்கிறது!