புகார் கொடுத்தேன், வண்டி வந்தது

போடியில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் ஏலக்காய்க் கிட்டங்கி இருக்கிறது. அதன் வாசலில் கட்டிக் கிடந்த நாய் காலி வட்டிலை நக்குவதைப் பார்த்த காலையில்தான், புகார் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. முதலாளி குடும்பம் காய் பறிப்புக்காக மலைக்குப் போயிருந்தது. நாயின் கழுத்தில் சங்கிலி உரசிப் புண். நான் வைத்த சோற்றைத் தின்றதே தவிர, தொட விடவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "ஆடு, மாடுன்னா பாப்பாக. நாய்க்கு நகராட்சிக்குப் போம்மா" என்றார் வாசலில் இருந்தவர். அங்கேயும் போய் அடையாளம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்பினேன்.

மறுநாள் வந்து நின்றது நாய் பிடிக்கிற வண்டி! லைசென்சு கட்டியதற்கு அடையாளமாகக் கழுத்தில் நகராட்சி வில்லை இல்லாத நாயைக் கொன்றுவிடுவார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணே, விடுங்க! இது எங்க நாய்!"

"புகார் குடுத்ததே எதுத்த வீட்டுப் பொண்ணுதான்னு சொன்னாகளே!" என்று சுருக்குக் கம்பியோடு சிரித்தார் அவர். "வில்லை எங்க?"

"இப்பவே வாங்கியாறேன். அதுவரைக்கும் எங்க ஆத்தா காவலுக்கு நிப்பாக."

"அடியே, நானா?" என்று அலறினாலும் அம்மா நாயை விட்டு நகரவில்லை. நான் பணம் கட்டி வில்லையோடு வந்ததும் வண்டி காலியாகத் திரும்பியது.

மலையிலிருந்து இறங்கிய முதலாளி, "நீயே வச்சுக்கத்தா" என்று சொல்லிவிட்டார். புண் ஆறி வருகிறது. இப்போதெல்லாம் எங்கே புகார் சொன்னாலும், வந்து என்ன செய்வீர்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாளாவது நாய்களையும் பார்க்கச் சொல்லி, கால்நடை டாக்டரிடம் அடுத்துக் கேட்கப் போகிறேன். தெருவில் நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் உடன் வருகிறார்கள், நாய்களோடு!