மூன்று கைதட்டல்

எங்கள் அம்மாவுக்குக் கைதட்டுவதுதான் வேலை. பள்ளியில் இதைச் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். "உங்கம்மா என்ன, கூத்து பாக்கவா சம்பளம் வாங்குறாங்க?" என்றான் ஒருவன். நான் சொன்னது உண்மைதான்.

அப்போது நாங்கள் சுங்கை வே என்ற ஊரில் இருந்தோம். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வரிசை வீடு. பின்னால் தொழிற்சாலைகள். அவற்றில் ஒன்றில் பேசும் பொம்மைகள் செய்தார்கள். எல்லாமே கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகிறவை. பொம்மையின் வயிற்றில் ஒரு குட்டி ஸ்பீக்கரும் சத்தத்தைப் பிடிக்க ஒரு கருவியும் இருக்கும். பக்கத்தில் யாராவது பேசினாலும் எதையாவது தட்டினாலும் போதும், கண்ணைச் சிமிட்டிப் பதில் சொல்லும். லைனில் நகர்ந்து வரும் ஒவ்வொரு பொம்மைக்கும் பின்னால் நின்று அம்மா கைதட்ட வேண்டும். பதில் வந்தால் பெட்டிக்குப் போகும். வராவிட்டால் இன்னொரு முறை தட்டுவாள். அதற்கும் வராவிட்டால் மூன்றாவது முறை. மூன்றுக்கும் பேசாத பொம்மையின் நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதேதான். பெக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் அம்மா இரண்டு கையையும் வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருப்பாள். வெள்ளிக்கிழமை பஜனையில் எல்லாரும் தட்டுவார்கள். அவள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாமிக்குக்கூடத் தட்டமாட்டாள் என்று எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, குறைப்பட்டுக்கொள்வார்.

தங்கச்சிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. அதுதான் அந்த வருடம் எங்கள் வீட்டின் ஒரே கவலை. நாக்கில் தேன் தடவினார்கள். பத்துமலைக்கு நேர்ந்துகொண்டார்கள். அத்தை மட்டும் அசரவில்லை.

"இவ அப்பனும் அஞ்சு வயசு வரைக்கும் ஊமையாத்தான் இருந்தான். இப்ப வாய மூடுறானா பாரு லா."

அப்பா லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். கிள்ளான் துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்குமாகப் போய் வந்து, இருக்கிற நேரமெல்லாம் தூங்குவார். அவருக்கு ஒரே விளக்கம்தான்: "அம்மாக்காரி பெக்டரியில, அப்பன் லோரியில. பிள்ளை செவுத்துக்கிட்டயா பேசும்?"

அந்த வார்த்தை அம்மாவுக்குத் தைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒரு பொம்மையோடு வந்தாள். இடது கண் மூடாத ரிஜெக்ட் பொம்மை. வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம். மலாய்க்கார சூப்பர்வைசரம்மாவிடம் பிள்ளையின் கதையைச் சொல்லி, ஒரு சீட்டு எழுதி வாங்கி, வாசலில் காவல் நிற்கும் ஜாகாவிடம் காட்டிக் கொண்டுவந்திருந்தாள். அதன் நெற்றியிலும் சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது; எந்தக் குறையென்றாலும் அதே ஸ்டிக்கர்தான். சோறு ஆக்குவதற்கு முன்னால் தேங்காயெண்ணெய் தொட்டுக் கட்டைவிரலால் அதைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள்.

"பேச்சுத் துணைக்கு ஆச்சு," என்றாள்.

அத்தை அதன் முன்னால் உட்கார்ந்து, "ஏண்டியம்மா, சாப்டியா?" என்றார். பொம்மை ஒற்றைக் கண்ணைச் சிமிட்டி, தொண்டையில் முள் மாட்டியதுபோல் ஏதோ கரகரத்துச் சொன்னது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது நான்காம் ஆண்டு. வருகிற கடிதம், மருந்துப் புட்டியின் தாள், தண்ணீர் பில் எல்லாம் என் கைக்குத்தான் வரும். இன்றும் பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் நாள் முழுக்கக் காகிதம் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், யாராவது ஒருவர் ஒரு கடிதத்தோடு காத்திருக்கிறார். அந்த அலுப்பு அன்றைக்குத்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

"என்னடா சொல்லுது?" என்றாள் அம்மா.

எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் இங்கிலீஷ் என்றுதான் நம்பினேன், என் இங்கிலீஷ்தான் போதவில்லை என்று. அதை அத்தை முன்னால் ஒப்புக்கொள்ள முடியுமா?

"சாப்டேன், நீங்க சாப்டீங்களான்னு கேக்குது," என்றேன்.

அத்தை பூரித்துப் போனார். "பாத்தியா, மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

அதன்பிறகு தினமும் இதே பாடு. அம்மா கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்பாள்: "இன்னைக்கு என்னடா சொல்லுது?" பொம்மைக்கு மொத்தமே ஏழெட்டு வாக்கியங்கள். நானோ தினம் ஒரு புதுச் செய்தி சொன்னேன். அம்மா களைத்திருக்கிறாள், போய்ப் படுக்கட்டும் என்கிறது. மழை வரும், துணியை எடு என்கிறது. ஒருநாள், அண்ணனுக்கு இன்னொரு முட்டை பொரித்துக் கொடுக்கச் சொல்கிறது என்றேன். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். அதில் பாதியைத் தங்கச்சிக்கு ஊட்டிவிட்டேன். ஒரே சத்தத்துக்கு இரண்டு அர்த்தம் சொல்லி மாட்டிக்கொள்வேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

தங்கச்சிக்குப் பொம்மை உயிராகிவிட்டது. ஆனால் அவள் அதன் முகத்தைப் பார்ப்பதேயில்லை. மடியில் கிடத்தி அதன் வயிற்றில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். நான் பேச, அது பதில் சொன்னால், அவள் கண்கள் விரியும். சில நேரம் என் கையை இழுத்து அங்கே வைப்பாள். உள்ளே குறுகுறுவென்று அதிரும். "கட்டிப்புடிச்சிக்கிட்டே கேக்குறா பாரு, சீக்கிரம் பேசிருவா," என்றார் அத்தை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு சாயங்காலம், அம்மா வந்து சமையலுக்குப் பாத்திரம் எடுக்கும்போது சட்டி மூடி கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. அலமாரி மேலிருந்த பொம்மை திடுக்கிட்டதுபோல் பேசத் தொடங்கியது. நான் துள்ளிவிட்டேன். தங்கச்சி எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துணி மாட்டும் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கிக்கொண்டேயிருந்தாள்.

அம்மா மூடியை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே அவளைப் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் நடந்துபோய் அவள் பின்னால் நின்று கைதட்டினாள்.

அலமாரியிலிருந்து பொம்மை பதில் சொன்னது.

அம்மா அது முடியும்வரை பொறுத்திருந்து இன்னொரு முறை தட்டினாள். பொம்மை மறுபடியும் சொன்னது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் ஒருநாளும் கைதட்டாத அம்மா விளையாடுகிறாள்! நானும் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். "நானும்மா, நானும்!"

மூன்றாவது முறை இருவரும் சேர்ந்து தட்டினோம். பொம்மை பதில் சொன்னது. தங்கச்சி ஒரு சிவப்புக் கிளிப்பை எடுத்து மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அம்மாவின் கைகள் தட்டிய இடத்திலேயே நின்றன. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் "என்னடா சொல்லுது" என்று கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் தாங்குவது?

"அம்மா, அது இங்கிலீஷே இல்லைன்னு நினைக்கிறேம்மா. எனக்கு ஒண்ணுமே புரியல. எல்லாம் நானா சொன்னது. அந்த முட்டையும்."

"தெரியும்டா," என்றாள் அம்மா. "ஜெர்மன்காரன் ஊருக்குப் போறது. பெட்டி மேலேயே போட்டுருக்குன்னு சூப்பர்வைசரம்மா சொன்னாங்க."

"அப்ப ஏம்மா தினமும் கேட்ட?"

"நீ சொல்றது கேக்க நல்லாருந்துச்சு."

இரண்டு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அடிவிழவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை அம்மா பெக்டரி பஸ்ஸில் ஏறாமல், பெரியாஸ்பத்திரிக்குப் போகத் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்ததைப் பார்த்தபோது, அம்மாவுக்கு ஒருவழியாக லீவு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

ஆனால் அது மறுநாள். அந்தச் சாயங்காலம் அம்மா நெடுநேரம் தரையிலேயே இருந்தாள். தங்கச்சியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கட்டைவிரலால் அவள் நெற்றியைத் தேய்த்தாள். நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டேயிருந்தாள். தங்கச்சி நெளிந்தாள். அங்கே ஒரு பொட்டுகூட இல்லை.

"அழுக்கு இல்லம்மா," என்றேன். "நான் அப்பவே குளிப்பாட்டிட்டேன்."