வெள்ளிக்கிழமை வெந்நீர்

அக்காவைப் புக்ககத்தார் வலியசாலையில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டபோது சொன்ன காரணம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் அவளுக்குக் கண் மங்குகிறது, வலது கால் இழுக்கிறது. அரைமணியில் எல்லாம் சரியாகிவிடுகிறது. வைத்தியர் வரும்போது ஒன்றும் இருப்பதில்லை. அம்பாள் வருகிறாள் என்று மாமியார் சொன்னாள். சமையலுக்குப் பயந்த நடிப்பு என்று நாத்தனார் சொன்னாள்.

எங்கள் வீட்டிலும் அப்படியேதான் நடந்தது. அம்மா அம்பாள் பக்கம். உடனே விளக்கேற்றிக் கும்பிடுவாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, "அம்பாளுக்கு என் கண்ணுதான் வேணுமா? உன் மூக்குத்தியைக் கேக்கச் சொல்லேன்" என்பாள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் போடுவது என் வேலை. உடம்பு சரியில்லாதவள் என்று அவளுக்கு நன்றாகச் சுடவைப்பேன்.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை அத்திம்பேர் தாமே பார்க்க வந்தார். நிஜமான சீக்கு என்று கண்டால் ஆஸ்பத்திரியில் காட்டி, கூடவே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அன்று மழையில் விறகு நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. அக்கா கிணற்றுத் தண்ணீரிலேயே குளித்துவிட்டாள். அவளே இலை போட்டுப் பரிமாறினாள். ஒரு தடுமாற்றமும் இல்லை.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே? ஒண்ணும் காணலையே."

"எனக்கும் தெரியலை" என்றாள் அக்கா.

"அப்போ இத்தனை நாளும் வெறுதே கூத்தடிச்சயாக்கும்."

மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்து போனார்.

அடுத்த புதன்கிழமை ஜலதோஷம் என்று அக்கா வெந்நீரில் குளித்தாள். கண் மங்கியது. காலும் இழுத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"வெந்நீர்தான் அக்கா. அத்திம்பேருக்கு ஒரு கார்டு எழுதட்டா?"

"மூணாங்கிளாஸ்காரி எழுதி அவர் நம்பணுமா? முந்தி வெள்ளிக்கிழமைன்னா, இப்போ வெந்நீர்ங்கறா, நாளைக்குப் புளிக்குழம்பும்பான்னு சிரிப்பா. விடுடி."

நான் எழுதவில்லை. அதன்பிறகு அவளுக்குப் பச்சைத்தண்ணீர்தான். வெள்ளிக்கிழமைகள் நன்றாகவே கழிந்தன. இரண்டு வருஷம் போனபின் கண் மங்கலும் கால் இழுப்பும் வெந்நீர் இல்லாமலே வந்து, திரும்பிப் போகாமல் தங்க ஆரம்பித்தன. நரம்புக் கோளாறு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். சூடு பட்டால் கண் மங்குவது அதில் உண்டாம்.

போன தையில் அக்கா இறந்துபோனாள். அத்திம்பேர் வந்திருந்தார். வெந்நீர் விஷயத்தை அவரிடம் சொன்னேன்.

"ஒரு கார்டு எழுதியிருக்கப்படாதா?" என்றார்.

அக்காவைக் குளிப்பாட்ட அம்மா உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டாள். விறகெல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தது. நான் கிணற்றிலிருந்தே இறைத்துக் கொடுத்தேன்.